"எனக்கு அப்படித்தான் சொன்னார்கள்": போலீஸ் சர்ச்சையில் தலைவர்களைக் கேள்வி கேட்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போலீஸ் நடவடிக்கையில் ஓர் உயிர் போகிறது. அன்று மாலையே ஓர் அறிக்கை வருகிறது. இரண்டு நாளில் யாரோ எடுத்த வீடியோ அந்த அறிக்கையைப் பொய்யாக்கிவிடுகிறது. அப்புறம் முதல்வரோ மேயரோ உள்துறை அமைச்சரோ மைக் முன்னால் வந்து, தகவல் பரிமாற்றத்தில் ஏதோ குறைபாடு நடந்துவிட்டது என்கிறார். எந்த நாடாக இருந்தாலும் கதை பெரும்பாலும் இப்படித்தான் போகிறது. நான் பல வருடம் செய்தியாளர் சந்திப்புகளில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தவன். அந்த "குறைபாடு" என்ற ஒரு வார்த்தையோடு கேள்விகள் முடிந்துபோவதைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்துதான் இதை எழுதுகிறேன். நிருபர்களுக்கு மட்டும் இல்லை, சட்டமன்றத்தில் பேசுகிறவர்களுக்கும், இழந்த குடும்பத்துக்குத் துணையாக நிற்கிறவர்களுக்கும், ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்க நினைக்கிற யாருக்கும் இது பயன்படும்.

"தகவல் தொடர்பில் குறைபாடு" என்று சொன்னால் என்ன அர்த்தம்?

சொல்கிறவர் விளக்கும்வரை எந்த அர்த்தமும் இல்லை. குறைபாடு என்றால் அது இரண்டு பேருக்கு நடுவில் நடந்திருக்க வேண்டும். சம்பவ இடத்தில் இருந்த அதிகாரிக்கும் அவருடைய மேலதிகாரிக்கும் நடுவிலா? போலீஸ் தலைமைக்கும் அரசுக்கும் நடுவிலா? அரசுக்கும் மக்களுக்கும் நடுவிலா? எந்த இடத்தில் கம்பி அறுந்தது என்று சொல்லாதவரை அந்தப் பதிலை ஏற்றுக்கொள்ளக் கூடாது.

லண்டனில் 2005 ஜூலையில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலை 22 காலை, ஸ்டாக்வெல் சுரங்க ரயில் நிலையத்தில், முந்தைய நாள் குண்டு வைக்க முயன்றவர்களில் ஒருவர் என்று நினைத்து ஒரு பிரேசில் நாட்டு எலக்ட்ரீஷியனைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. அவருக்கும் குண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அன்று பிற்பகல் மாநகரப் போலீஸ் கமிஷனர் இயன் பிளேர், இந்தத் துப்பாக்கிச் சூடு பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கையோடு நேரடியாகத் தொடர்புடையது என்று பத்திரிகையாளர்களிடம் சொன்னார். தவறான ஆளைச் சுட்டுவிட்டோம் என்பது தனக்கு மறுநாள் காலையில்தான் தெரிய வந்தது என்றார் அவர்.

இரண்டு வருடம் கழித்து, 2007-ல், போலீஸ் புகார்களை விசாரிக்கும் சுதந்திர ஆணையம் இதைத் தோண்டி எடுத்தது. கமிஷனருக்குக் கிட்டத்தட்ட எதுவுமே தெரிவிக்கப்படவில்லை என்றுதான் ஆணையமும் சொன்னது. ஆனால் அவருக்குக் கீழே இருந்த பலருக்கு அன்று பிற்பகலிலேயே சந்தேகம் வந்துவிட்டது. ஓர் உதவிக் கமிஷனர், இறந்தவர் தேடப்பட்ட நால்வரில் ஒருவர் இல்லை என்று அன்று மாலை குற்றச்செய்தி நிருபர்களிடம் சொல்லிவிட்டு, அதற்கப்புறம் நடந்த உயர் அதிகாரிகள் கூட்டத்தில் அதை மறைத்தார். அந்தக் கூட்டத்தை ஒட்டி வந்த அறிக்கையோ இன்னும் தெளிவாகத் தெரியவில்லை என்றது. கம்பி எங்கே அறுந்தது என்று இப்போது விரலை வைத்துக் காட்ட முடிகிறது, இல்லையா? தலைவரிடமிருந்து வர வேண்டிய விளக்கம் இந்த அளவுக்குத் துல்லியமாக இருக்க வேண்டும்.

தலைவருக்கு நிஜமாகவே தெரியாமல் இருந்திருக்கலாம் அல்லவா?

இருந்திருக்கலாம். லண்டன் கமிஷனர் விஷயத்தில் விசாரணையே அதைச் சொல்லிவிட்டது. அதனால் எடுத்த எடுப்பிலேயே "பொய் சொல்கிறார்" என்று பாய்வது தப்பு. அது கேள்வி கேட்கிறவரின் பலத்தையும் குறைத்துவிடும்.

ஆனால் "தெரியாது" என்பது சரிபார்க்கக்கூடிய விஷயம். 2018 மே 22, 23 தேதிகளில் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தையொட்டி போலீஸ் சுட்டதில் 13 பேர் உயிரிழந்தார்கள். அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி, துப்பாக்கிச் சூட்டைத் தொலைக்காட்சி பார்த்துத்தான் தெரிந்துகொண்டதாகச் சொன்னார். அவருடைய அரசே அமைத்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் நான்கு வருடம் விசாரித்தது. 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட அதன் அறிக்கை, தலைமைச் செயலாளர், டிஜிபி, உளவுத்துறை ஐஜி ஆகிய மூவரும் நிமிடத்துக்கு நிமிடம் அவருக்குத் தகவல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்றும், தொலைக்காட்சி பார்த்துத் தெரிந்துகொண்டேன் என்றது சரியல்ல என்றும் சொன்னது.

இதில் என்னை உறுத்துவது அந்த நான்கு வருடம். யார் யாருக்கு எத்தனை மணிக்குப் பேசினார்கள் என்பதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. அந்த மூன்று பதவிகளில் இருந்தவர்களிடமும் ஒரே கேள்வியை முதல் வாரத்திலேயே கேட்டிருக்கலாம். அறுபது, எழுபது வயதுப் பெற்றோர்களுக்கு நான்கு வருடம் என்பது சின்ன விஷயம் இல்லை.

அப்படியானால் முதலில் எதைக் கேட்க வேண்டும்?

நேரத்தை. "உங்களுக்கு முதன்முதலில் எத்தனை மணிக்குத் தெரிந்தது?" அதற்குப் பதில் வந்ததும், "சொன்னது யார்?" அப்புறம், "என்ன வார்த்தையில் சொன்னார்?" கடைசியாக, "கேட்டதும் நீங்கள் என்ன செய்தீர்கள்?" நான்கையும் ஒரே மூச்சில் கேட்டுவிடாதீர்கள். ஒன்றுக்குப் பதில் வாங்கிவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. வருடங்களுக்கு முன் லாக்கப் மரணம் ஒன்றையொட்டி நடந்த செய்தியாளர் சந்திப்பில் எனக்கு மைக் கிடைத்தது. அடுத்த வாய்ப்பு வருமோ வராதோ என்ற பதற்றத்தில், எப்போது தெரியும், ஏன் குடும்பத்துக்குச் சொல்லவில்லை, அந்த இன்ஸ்பெக்டர்மேல் என்ன நடவடிக்கை என்று மூன்றையும் கோத்துக் கேட்டேன். மேடையில் இருந்தவர் மூன்றாவதை மட்டும் எடுத்துக்கொண்டார். துறைரீதியான நடவடிக்கை எடுக்கப்படும் என்று சொல்லிவிட்டு அடுத்தவரைப் பார்த்துத் தலையாட்டினார். மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் அந்த மூன்றாவது பதில்தான் செய்தி. அன்றைக்கு நான் "எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டு உட்கார்ந்திருந்தால், அவர் ஒரு நேரத்தைச் சொல்லியிருப்பார், இல்லையென்றால் சொல்ல மறுத்திருப்பார். இரண்டுமே பதிவாகியிருக்கும்.

நேரத்தைக் கேட்பதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. "வருந்துகிறேன்", "அதிர்ச்சியடைந்தேன்" போன்றவற்றை யாரும் சரிபார்க்க முடியாது. "மாலை நாலரை" என்பதை முடியும்.

"விசாரணை நடக்கிறது, கருத்துச் சொல்ல முடியாது" என்று சொல்லிவிட்டால்?

ரொம்பப் பேர் இந்த இடத்தில்தான் உட்கார்ந்துவிடுகிறார்கள். உட்காராதீர்கள். யார் குற்றவாளி என்பது நீதிமன்றத்தின் கேள்வி. அதைத் தலைவர் பேசாமல் இருப்பதுதான் முறை. ஆனால் அரசுக்கு எப்போது தெரியும், முதல் அறிக்கையை யார் எழுதினார், அது தவறு என்று தெரிந்த பிறகு ஏன் திருத்தவில்லை என்பவை நிர்வாகத்தின் கேள்விகள். அவற்றுக்குப் பதில் சொல்வதால் எந்த விசாரணையும் கெட்டுவிடாது.

சிகாகோ இதற்கு நல்ல சாட்சி. 2014 அக்டோபர் 20 இரவு 17 வயதுப் பையன் ஒருவனை ஒரு போலீஸ்காரர் 16 முறை சுட்டார். கத்தியோடு போலீஸை நோக்கி வந்தான் என்றார்கள். போலீஸ் காரிலிருந்த கேமராவிலோ அவன் விலகி நடந்து போவதுதான் பதிவாகியிருந்தது. விசாரணை நடப்பதைக் காரணம் காட்டி நகர நிர்வாகம் அந்த வீடியோவை 13 மாதம் வெளியிடவில்லை. இடையில், 2015 ஏப்ரல் 7-ல் மேயர் ராம் இமானுவேல் தேர்தலில் மீண்டும் வென்றார். ஒரு வாரம் கழித்து நகர மன்றம் அந்தக் குடும்பத்துக்கு 50 லட்சம் டாலர் இழப்பீட்டை ஒருமனதாக நிறைவேற்றியது. வழக்கே தொடராத குடும்பத்துக்கு அவ்வளவு பணம் கொடுக்கிற அளவுக்கு நிர்வாகத்துக்கு விஷயம் புரிந்திருந்தது, மக்களுக்குச் சொல்கிற அளவுக்கு மட்டும் புரியவில்லையா? மேயரோ தான் வீடியோவைப் பார்க்கவே இல்லை என்றார். பார்க்காமல் இருந்தது எப்படி, அவருக்கு விளக்கிச் சொன்னவர்கள் பார்த்தார்களா என்பதுதான் அங்கே கேட்க வேண்டிய கேள்வி.

கடைசியில் ஒரு சுயாதீனப் பத்திரிகையாளர் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டு, நீதிபதி உத்தரவிட்டு, 2015 நவம்பர் 24-ல் வீடியோ வெளியானது. அந்தப் போலீஸ்காரர்மேல் கொலைக் குற்றச்சாட்டுப் பதிவானதும் அதே நாளில்தான். 2018-ல் ஜூரி அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. வீடியோ வெளியானதால் விசாரணை ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அடுத்த முறை யாராவது "விசாரணை பாதிக்கும்" என்று சொன்னால் இதை நினைவூட்டுங்கள்.

போலீஸின் செயல்பாட்டில் அரசியல்வாதி தலையிடக் கூடாதே. கேட்டால் தலையீடு ஆகிவிடாதா?

நியாயமான கவலை. யாரைக் கைது செய்ய வேண்டும், யாரை விட வேண்டும் என்று அமைச்சர் சொல்லத் தொடங்கினால் அது ஆபத்து. ஆனால் உத்தரவு போடுவது வேறு, விவரம் கேட்டுத் தெரிந்துகொள்வது வேறு. இந்த இரண்டையும் குழப்பித்தான் பல தலைவர்கள் தப்பிக்கிறார்கள். வெற்றி வந்தால் "என் உத்தரவின் பேரில்" என்று மேடையில் பேசுவார்கள், தப்பு நடந்தால் "போலீஸ் சுதந்திரமான அமைப்பு" என்பார்கள்.

கோடு எங்கே இருக்கிறது என்ற சண்டை கனடாவில் நாடாளுமன்றம்வரை போனது. 2020 ஏப்ரல் 18, 19 தேதிகளில் நோவா ஸ்கோஷியாவில் ஒருவன் 22 பேரைக் கொன்றான். போலீஸ் வேடத்தில், போலீஸ் கார் போலவே மாற்றிய காரில் அவன் சுற்றிக்கொண்டிருந்தபோது, எல்லோருடைய போனிலும் ஒலிக்கும் அவசர எச்சரிக்கையை விட்டுவிட்டு ட்விட்டரில் மட்டும் போலீஸ் பதிவு போட்டுக்கொண்டிருந்தது. கிராமப்புறத்தில் எத்தனை பேர் ஞாயிறு காலை ட்விட்டர் பார்ப்பார்கள்? பத்து நாள் கழித்து போலீஸ் கமிஷனர் பிரெண்டா லக்கி அந்த மாகாண அதிகாரிகளை அழைத்து, கொலையாளியின் துப்பாக்கிகளைப் பற்றிய விவரத்தை ஏன் வெளியிடவில்லை என்று கடிந்துகொண்டார். அமைச்சருக்கும் பிரதமர் அலுவலகத்துக்கும் அவர் வாக்குக் கொடுத்திருந்ததாக ஓர் அதிகாரி தன் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். 2022-ல் அந்தக் குறிப்பு வெளியே வந்ததும் நாடாளுமன்றக் குழு கமிஷனரையும் அமைச்சரையும் கூப்பிட்டுக் கேட்டது. தலையீடே இல்லை என்று இருவரும் மறுத்தார்கள்.

யார் சொன்னது சரி என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த அழைப்பு நடந்த அன்றே ஒருவர் கையால் எழுதிவைத்ததால்தான் அந்தக் கேள்வியையே யாராலும் கேட்க முடிந்தது.

பரபரப்பில் முதல் அறிக்கையில் தவறு வருவது இயல்புதானே?

தவறு வரும். வருவதைக் குறை சொல்லவில்லை. தவறு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். எனக்குத் தெரிந்து, போலீஸைக் கெட்டவராகக் காட்டி முதல் அறிக்கை வந்து, பிறகு இல்லை இல்லை அவர்கள் நல்லவர்கள் என்று திருத்தம் வந்ததே இல்லை.

2020 மே 25 இரவு மினியாபொலிஸ் போலீஸ் வெளியிட்ட அறிக்கையின் தலைப்பு, போலீஸ் நடவடிக்கையின்போது "மருத்துவக் கோளாறு" ஏற்பட்டு ஒருவர் இறந்தார் என்கிற பொருளில் இருந்தது. அந்த ஒருவர் ஜார்ஜ் ஃபிளாய்ட். கழுத்தில் முழங்கால் இருந்தது ஒன்பதரை நிமிடம். அறிக்கையில் முழங்காலே இல்லை. வழியில் நின்ற ஒரு பதின்வயதுப் பெண் போனில் எடுத்திராவிட்டால் அந்த அறிக்கைதான் இன்றுவரை வரலாறாக இருந்திருக்கும். அடுத்த மாதம் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலுக்குப் பின் இறந்தபோது அன்றைய முதல்வரின் அறிக்கையில் மகனுக்கு மூச்சுத்திணறல், தந்தைக்கு உடல்நலக் குறைவு. இரண்டு கண்டங்கள், ஒரே மாதிரியான எழுத்து.

அறிக்கையைப் படிக்கும்போது வினைச்சொல்லைக் கவனியுங்கள் என்று இளம் நிருபர்களிடம் நான் எப்போதும் சொல்வேன். "துப்பாக்கிச் சூடு நடந்தது", "உயிரிழப்பு ஏற்பட்டது", "காயம் உண்டானது". நம் மொழியில் "ஏற்பட்டது" என்று போட்டுவிட்டால் செய்தவரே காணாமல் போய்விடுகிறார். மழை ஏற்பட்டது மாதிரி மரணமும் ஏற்படுகிறது. எனவே ஒவ்வொரு "ஏற்பட்டது"வுக்கும் பக்கத்தில் "யாரால்?" என்று எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் கேள்விப் பட்டியல் தானாகவே தயாராகிவிடும்.

அப்புறம், தவறு என்று தெரிந்ததிலிருந்து திருத்தம் வெளியாக எவ்வளவு நேரம் ஆனது என்று கேளுங்கள். 1989 ஏப்ரல் 15-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் உள்ள ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானத்தில் நெரிசலில் சிக்கியவர்களில் 97 பேர் இறந்தார்கள், கடைசியாக ஒருவர் அந்தக் காயங்களின் விளைவாக 2021-ல். வெளிவாயிலைத் திறக்கச் சொன்னது அங்கே பொறுப்பிலிருந்த போலீஸ் அதிகாரி. ஆனால் ரசிகர்கள்தான் வாயிலை உடைத்து நுழைந்தார்கள் என்று அவர் கால்பந்துச் சங்கத்தாரிடம் சொல்ல, அது உலகம் முழுக்கப் போனது. தான் சொன்னது பொய் என்று அவர் ஒப்புக்கொண்டது 2015-ல். 26 வருடம்! அதற்குள் பிள்ளைகளுக்காகப் போராடிய எத்தனையோ தாய் தகப்பன்மார் கண்ணை மூடிவிட்டார்கள்.

எந்த ஆவணங்களைக் கேட்பது?

கட்டுப்பாட்டு அறையின் வயர்லெஸ் பதிவு, அழைப்புப் பதிவு, காவல் நிலையப் பொது நாட்குறிப்பு, மேலிடத்துக்குப் போன நிலவர அறிக்கைகள், மின்னஞ்சல்கள், வாட்ஸ்அப் குழுச் செய்திகள், தலைவருடைய அன்றைய நிகழ்ச்சிக் குறிப்பு. இவற்றோடு எல்லோரும் மறந்துவிடுகிற ஒன்றையும் சேர்த்துக் கேளுங்கள்: பத்திரிகை அறிக்கையின் வரைவுகள். வெளியான அறிக்கை மட்டும் போதாது, அதற்கு முந்தைய பிரதிகளும் வேண்டும். ஹில்ஸ்பரோவில் 2012-ல் சுதந்திரக் குழு பழைய தாள்களைப் புரட்டியபோது, போலீஸார் கொடுத்த வாக்குமூலங்களில் 164 கணிசமாகத் திருத்தப்பட்டிருந்தன, 116-ல் போலீஸுக்குப் பாதகமான வரிகள் நீக்கப்பட்டிருந்தன. தென்னாப்பிரிக்காவின் மரிகானாவில் 2012 ஆகஸ்ட் 16 அன்று 34 சுரங்கத் தொழிலாளர்கள் சுடப்பட்டு இறந்தார்கள், பாதிப் பேர் ஓரிடத்தில், மீதிப் பேர் சற்றுத் தள்ளி இன்னோரிடத்தில். மறுநாள் வந்த போலீஸ் அறிக்கையின் வரைவு மாற்றப்பட்டு, இரண்டு சம்பவங்கள் ஒன்றாகத் தெரியும்படி ஆனதை விசாரணை ஆணையம் பின்னால் கண்டுபிடித்தது. அடித்துத் திருத்திய வரி எதுவோ அங்கேதான் உண்மை உட்கார்ந்திருக்கிறது.

கேமராப் பதிவை முதல் நாளே, எழுத்து மூலமாக, பாதுகாக்கச் சொல்லிக் கேளுங்கள். சாத்தான்குளம் காவல் நிலையத்துக்கு உயர் நீதிமன்றம் அனுப்பிய நீதித்துறை நடுவர் போய்ப் பார்த்தபோது, ஹார்ட் டிஸ்கில் ஒரு டெராபைட் இடம் இருந்தும், பதிவுகள் தினம்தோறும் தானாக அழிந்துபோகும்படி அமைத்து வைக்கப்பட்டிருந்தது. வேண்டிய நாளின் காட்சிகள் எதுவும் இல்லை. இடம் போதவில்லை என்ற சாக்குக்கூட அங்கே இல்லை.

இந்தியாவில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 30 நாளில் பதில் வர வேண்டும். ஒருவருடைய உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரத்தில். பல மாநிலங்களில் உளவுத்துறைக்கு இந்தச் சட்டத்திலிருந்து விலக்கு உண்டு, ஆனால் மனித உரிமை மீறல் குற்றச்சாட்டு பற்றிய தகவலுக்கு அந்த விலக்கு செல்லாது என்று 24-ஆம் பிரிவே சொல்கிறது. மனுவில் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டே எழுதுங்கள். பிரிட்டனில் கெடு 20 வேலை நாள்.

சட்டமன்றத்தில் கேட்பதற்கும் பிரஸ் மீட்டில் கேட்பதற்கும் வித்தியாசம் உண்டா?

உண்டு. பிரஸ் மீட்டில் சொன்ன பொய்க்கு அவமானம் மட்டும்தான் தண்டனை. அவையில் சொன்னால் உரிமை மீறல். பிரிட்டனில் தெரிந்தே நாடாளுமன்றத்தைத் தவறாக வழிநடத்திய அமைச்சர் ராஜினாமா கடிதம் கொடுக்க வேண்டும் என்று அமைச்சர்களுக்கான விதிமுறையே சொல்கிறது. அதனால் முக்கியமான கேள்வியை உங்கள் தொகுதி உறுப்பினர் மூலம் எழுத்துப்பூர்வமாக அவைக்குக் கொண்டுபோகப் பாருங்கள்.

தலைவர் "என்னைத் தவறாக வழிநடத்திவிட்டார்கள்" என்று கோபப்பட்டால்?

அந்தக் கோபம் உண்மையாகவே இருக்கலாம். இருந்தாலும் அது பதில் ஆகாது.

2022 மே 24-ல் டெக்சஸின் உவால்டே பள்ளியில் 19 குழந்தைகளும் இரண்டு ஆசிரியைகளும் கொல்லப்பட்டார்கள். மறுநாள் ஆளுநர் கிரெக் அபட், போலீஸார் துணிச்சலாகச் சூட்டை நோக்கி ஓடினார்கள் என்று பாராட்டினார். இரண்டே நாளில் நிஜம் வெளியே வந்தது. 376 அதிகாரிகள் திரண்டிருந்தும் வகுப்பறைக்குள் நுழைய 77 நிமிடம் ஆகியிருந்தது. உள்ளேயிருந்து குழந்தைகள் போன் செய்துகொண்டே இருந்தார்கள். அபட் தன்னைத் தவறாக வழிநடத்திவிட்டார்கள் என்று கொதித்தார். அதிகாரிகள் சொன்னதைத் தானே கையால் குறிப்பெடுத்து, அதையே மேடையில் சொன்னதாக விளக்கினார்.

இங்கேதான் அடுத்த கேள்வி பிறக்க வேண்டும். அந்தக் குறிப்பை உங்களுக்குச் சொன்னது யார்? அறையில் வேறு யார் யார் இருந்தார்கள்? தவறு என்று தெரிந்தும் வாய் திறக்காமல் இருந்தது யார்? பெற்றோர்கள் பள்ளி வாசலில் நின்று ஏன் உள்ளே போகவில்லை என்று கத்தியது அன்றைக்கே வீடியோவாகச் சுற்றிக்கொண்டிருந்ததே, பாராட்டுவதற்கு முன் யாராவது ஒருவரிடமாவது அதைப் பற்றிக் கேட்டீர்களா? தவறாக வழிநடத்தப்பட்ட தலைவருக்கு, வழிநடத்தியவரின் பெயரைச் சொல்லும் கடமை இருக்கிறது.

மன்னிப்புக் கேட்டுவிட்டார். இன்னும் துருவுவது நாகரிகமா?

எதற்கு மன்னிப்பு என்று பாருங்கள். 2012 செப்டம்பரில் பிரதமர் டேவிட் கேமரன் ஹில்ஸ்பரோ குடும்பங்களிடம் மன்னிப்புக் கேட்டபோது, இரட்டை அநீதி என்று பிரித்துச் சொன்னார்: அன்புக்குரியவர்களைக் காக்கத் தவறியதும் உண்மைக்காகக் காக்க வைத்ததும் ஒன்று, இறந்தவர்கள்மேலேயே பழி போட்டது இன்னொன்று. தவறு என்னவென்று பெயர் சொல்லிக் கேட்ட மன்னிப்பு அது. "நடந்தவற்றுக்கு வருந்துகிறேன்" என்பதில் அந்த எலும்பு இல்லை. எதைச் செய்தோம், யார் செய்தார் என்று சொல்லாத மன்னிப்புக்குப் பிறகு துருவுவது நாகரிகக் குறைவு ஆகாது.

குடும்பத்தின் சார்பில் கேட்க ஏதாவது தனியாக இருக்கிறதா?

இருக்கிறது, எனக்கு அதுதான் மிக முக்கியம். குடும்பத்துக்கு யார், எத்தனை மணிக்கு, எப்படிச் சொன்னார்கள்? டிவியில் ஓடிய பட்டையைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்களா?

உவால்டேயில் பெற்றோர்கள் ஓர் அரங்கத்தில் காத்திருந்தார்கள். தப்பித்த குழந்தைகளை ஏற்றிக்கொண்டு இன்னொரு பேருந்து வருகிறது என்று அவர்களிடம் சொல்லப்பட்டது. அப்படி ஒரு பேருந்தே இல்லை. அமெரிக்க நீதித்துறை 2024 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையில் இது பதிவாகியிருக்கிறது. வராத பேருந்துக்காக வாசலையே பார்த்துக்கொண்டிருந்த அந்த நிமிடங்களை நினைத்தால் எனக்கு நெஞ்சை அடைக்கிறது. யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார்கள், காதில் விழுந்ததைச் சரிபார்க்காமல் ஆறுதலாகச் சொல்லியிருப்பார்கள். ஆனாலும் அன்று அந்த அரங்கத்தில் குடும்பங்களுக்குத் தகவல் சொல்லும் பொறுப்பு யாரிடம் இருந்தது என்ற கேள்விக்கு ஒரு பெயர் பதிலாக வர வேண்டும்.

இப்படிக் கேட்பது போலீஸுக்கு எதிரானது, எதிர்க்கட்சிக்கு உதவுவது என்கிறார்களே?

யார் ஆட்சியில் இருந்தாலும் அதே கேள்வியை அதே குரலில் கேட்டுவந்தால் இந்தப் பேச்சு எடுபடாது. போலீஸில் நேர்மையாகக் குறிப்பெழுதுகிறவர்களும், மேலே தகவல் அனுப்பிவிட்டுக் காத்திருந்தவர்களும் உண்டு. பழி பொத்தாம்பொதுவாக எல்லார் தலையிலும் விழாமல் இருக்க வேண்டுமானால், யாரிடம் வந்து தகவல் நின்றது என்று தெரிந்தாக வேண்டும்.

கூட்டம் முடியப்போகிறது, ஒரே ஒரு கேள்விக்குத்தான் நேரம். எதைக் கேட்பது?

"உங்களுக்கு முதல் போன் எத்தனை மணிக்கு வந்தது, யாரிடமிருந்து?" கேட்டுவிட்டு உட்காராமல் நில்லுங்கள். அவர் சொல்லும் நேரத்தை அந்த இடத்திலேயே, அவர் பார்க்கும்படி எழுதிக்கொள்ளுங்கள்.